நோய் மாடலில் ஒளிந்திருக்கும் பிழைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு புதிய மருந்தை அரசுச் செலவில் கொடுக்கலாமா, போட்ட பணத்துக்கு ஏற்ற பலன் வருமா என்று இப்போது கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் நைஸ் அமைப்பும், இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் உள்ள எச்.டி.ஏ.இன் அமைப்பும் இந்த வேலையைச் செய்கின்றன. அவர்கள் முன் வரும் அறிக்கை நூறு பக்கம் இருக்கலாம். ஆனால் விடையைத் தருவது பெரும்பாலும் ஒரே ஓர் எக்செல் கோப்புதான். அதை நோய் மாடல் என்கிறோம். அதில் பிழை எங்கே நுழையும், எப்படிப் பிடிப்பது என்பதே இன்றைய பேச்சு.

இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். 1,000 நோயாளிகள், மூன்று நிலைகள்: லேசான நிலை, கடுமையான நிலை, மரணம். ஆண்டுக்கு ஒரு வரிசை. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் எந்த நிலைக்கு நகர்கிறார்கள் என்று கணக்கு ஓடும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செலவு உண்டு. வாழ்க்கைத் தரத்துக்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணும் உண்டு. பழைய சிகிச்சைக்கு ஒரு முறை, புதியதற்கு ஒரு முறை கணக்கை ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள்.

பிழை அதிகம் நுழையும் இடம், காலத்தை மாற்றும் இடம். ஐந்து ஆண்டில் பாதிப் பேர் இறக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 50-ஐ ஐந்தால் வகுத்து, ஆண்டுக்கு 10 சதவீதம் என்று போட்டுவிடுவார்கள். முதல் ஆண்டு 100 பேர் இறப்பார்கள். அடுத்த ஆண்டு மிச்சமிருக்கும் 900 பேரில்தான் 10 சதவீதம், அதாவது 90. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் இறந்தவர்கள் சுமார் 410 பேர். ஆய்வு சொன்னதோ 500. பிழைத்திருப்பவர்களின் பங்கான 0.5-க்கு ஐந்தாம் மூலம் எடுத்து, அதை 1-லிருந்து கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 12.94 சதவீதம் வரும். இதைச் சோதிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஐந்தாம் ஆண்டு வரிசையைப் பாருங்கள். ஆய்வு சொன்ன எண் அங்கே திரும்பி வருகிறதா? வராவிட்டால் மேலே படிப்பதை நிறுத்திவிடலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை வாழ்நாள் அட்டவணையில் வரும். இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம், அதாவது எஸ்.ஆர்.எஸ்., வெளியிடும் சுருக்க அட்டவணையில் வயதுகள் பெரும்பாலும் ஐந்தைந்து ஆண்டுக் கட்டுகளாக இருக்கும். அதில் உள்ள இறப்பு நிகழ்தகவு அந்த ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து. அதை அப்படியே ஓராண்டுக்கு என்று எடுத்துப் போட்டால், மாடலில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகத்தில் சாவார்கள்.

அடுத்தது நுணுக்கமானது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கடுமையான நிலையில் இருக்கும் 100 பேரில் ஓர் ஆண்டில் 40 பேர் இறக்கிறார்கள், 30 பேர் தேறி லேசான நிலைக்கு வருகிறார்கள், மிச்சம் 30 பேர் அங்கேயே இருக்கிறார்கள். முதியவர்களுக்கு இறப்பு அபாய வீதம், அதாவது கணத்துக்குக் கணம் இறப்பு நிகழும் வேகம், இரண்டு மடங்கு என்று ஆய்வு சொல்கிறது. உடனே 40-ஐ இரண்டால் பெருக்கி 80 என்று போடுவார்கள். 80-ம் 30-ம் 110 ஆகிவிட்டதே! 'அங்கேயே இருப்பவர்கள்' என்ற செல்லில் '1 கழித்தல் மற்றவை' என்று ஃபார்முலா இருப்பதால், அது சத்தமில்லாமல் மைனஸ் 10 ஆகிவிடும். மைனஸ் பத்து பேர்! மொத்தம் மட்டும் சரியாக 100. பக்கத்தில் 'கூட்டுத்தொகை சரியா' என்று பார்க்கும் செல் பச்சை நிறத்தில் 'ஓ.கே.' காட்டிக்கொண்டிருக்கும். மீதியைக் கழித்துப் போட்ட இடத்தில் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகத்தான் வரும். அந்தச் சோதனை எந்தப் பிழையையும் பிடிக்காது. ஒவ்வொரு செல்லும் 0-க்குக் கீழே போகவில்லை, 1-க்கு மேலே போகவில்லை என்று பார்க்கும் சோதனைதான் வேண்டும். இந்தக் கணக்கின் சரியான வழி: பிழைத்திருக்கும் பங்கான 0.6-ஐ 0.6-ஆலேயே பெருக்கினால் 0.36. ஆக இறப்பவர்கள் 64 பேர், அங்கேயே இருப்பவர்கள் 6 பேர்.

வருங்காலச் செலவையும் பலனையும் இன்றைய மதிப்புக்குக் குறைப்பதைத் தள்ளுபடி என்கிறோம். இந்தியாவில் ஆண்டுக்கு 3 சதவீதம், இங்கிலாந்தில் 3.5. இந்தியாவில் வருங்காலத் தொகையை 1.03-இன் அடுக்கால் வகுப்பார்கள்; மாடல் மாதக் கணக்கில் ஓடும்போது, அந்த அடுக்கில் ஆண்டு எண்ணுக்குப் பதில் மாத எண்ணைப் போட்டுவிடுவார்கள். முதல் ஆண்டு முடிவில் வரும் ஒரு லட்ச ரூபாய் 97,087 ஆக வேண்டியது 70,138 ஆகிவிடும். பலன் தாமதமாக வரும் எந்தத் தடுப்பு சிகிச்சையும் இந்தக் கோப்பில் தேறாது.

இனி, விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விகளை மாடலிடம் கேட்கும் முறை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். புதிய மருந்தின் பலனையும் விலையையும் பழையதற்குச் சமமாக்குங்கள். வித்தியாசம் துல்லியமாகப் பூஜ்யம் வர வேண்டும். 12 ரூபாய் மிச்சம் நின்றாலும் விடாதீர்கள். ஏதோ ஒரு செலவு ஒரு பக்கத்தில் மட்டும் ஏறியிருக்கிறது. வாழ்க்கைத் தர மதிப்பெண் எல்லாவற்றையும் 1 ஆக்கி, தள்ளுபடியைப் பூஜ்யமாக்குங்கள். தரம் சேர்த்த வாழ்நாளும், அதாவது வாழ்நாளைத் தர மதிப்பெண்ணால் பெருக்கியதும், வெறும் வாழ்நாளும் ஒன்றாக வர வேண்டும். எல்லா இறப்பையும் பூஜ்யமாக்கினால் கடைசி வரிசையிலும் 1,000 பேர் உயிரோடு இருக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் உள்ளீட்டையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். மருந்து விலையை இரட்டிப்பாக்கியும் விடை அசையவில்லையா? எங்கோ ஃபார்முலாவுக்குப் பதில் வெறும் எண் உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எக்செல்லிலேயே வழி இருக்கிறது. கணக்கு ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் ஜி அழுத்தி, ஸ்பெஷல், பிறகு கான்ஸ்டன்ட்ஸ். கையால் தட்டிய எண்கள் மட்டும் தனியே தெரியும். இழுத்து நிரப்பிய வரிசைகளின் நடுவே வேறாக மாறிப்போன ஃபார்முலாக்களைப் பிடிக்க, செட்டிங்கில் ஆர்1சி1 முறைக்கு, அதாவது செல் முகவரியை வரிசை, நெடுவரிசை எண்களால் காட்டும் முறைக்கு, மாறிப் பாருங்கள். சரியாக நகலான ஃபார்முலா எல்லா வரிசையிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும். மாறியது பளிச்சென்று கண்ணில் படும்.

அரைச் சுழற்சித் திருத்தம் என்று ஒன்று உண்டு. சுழற்சி என்பது மாடலின் ஒரு வரிசைக்கான காலம்; நிலை மாற்றம் அதன் நடுவில் நடப்பதாகக் கொள்வதே இந்தத் திருத்தம். அதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். சுழற்சி ஒரு மாதம், கணக்கு வாழ்நாள் முழுவதும் என்றால் அதனால் விடை பெரிதாக மாறுவதில்லை.

உள்ளீடுகளைக் குலுக்கி 1,000 முறை ஓட்டும் பகுதியில் ஒரு கேள்வி போதும்: போட்டிருப்பது திட்ட விலக்கமா (நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாடு), திட்டப் பிழையா (சராசரியில் உள்ள நிச்சயமின்மை)? 400 நோயாளிகளின் செலவில் திட்ட விலக்கம் 40,000 ரூபாய் என்றால், சராசரியின் திட்டப் பிழை 2,000 தான். இரண்டையும் குழப்பினால் நிச்சயமின்மை 20 மடங்கு ஊதிவிடும்.

கடைசியாக விடை. செலவு வித்தியாசத்தைப் பலன் வித்தியாசத்தால் வகுத்து வருவது அது. ஒரு கூடுதல் ஆண்டுக்கு மைனஸ் 50,000 ரூபாய் என்று அறிக்கை சொன்னால் மலிவு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 10,000 ரூபாய் மிச்சமாகி 0.2 ஆண்டு கூடினாலும் மைனஸ் 50,000 தான். 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகி 0.2 ஆண்டு குறைந்தாலும் அதேதான். முதலாவதை உடனே வாங்கலாம், இரண்டாவதைத் தொடவே கூடாது. அதனால் செலவு வித்தியாசத்தையும் பலன் வித்தியாசத்தையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பி.டி.எஃப். போதாது, ஃபார்முலாக்களோடு எக்செல் கோப்பையும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.