பல வாடிக்கையாளர்கள், ஒரே பிரவுசர்: டேப்களுக்கு நிறம் பூசினால் மட்டும் போதாது

வணக்கம். ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்கு ஃப்ரீலான்ஸ் முறையில் வேலை செய்பவர்கள், பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். என்னிடம் இப்போது மூன்று வேலைகள் உள்ளன: ஒரு ஜவுளிக் கடையின் வேர்ட்பிரஸ் தளம், ஒரு தனிப்பயிற்சி நிறுவனத்தின் பாடக் காணொளிகளுக்கு வசன வரிகள் எழுதுவது, ஒரு மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கம் செய்வது. மூவருமே கூகுள் டிரைவ் பயன்படுத்துகிறார்கள். மூவருமே தங்கள் நிறுவனத்தின் பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

டேப்களை ஒழுங்குபடுத்துவது என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டேப் குரூப். டேப்பின் மீது வலது க்ளிக் செய்து, புதிய குரூப்பில் சேர்த்து, பெயரும் நிறமும் கொடுத்துவிட்டால், அந்தப் பெயரைத் தொட்டதும் குரூப் முழுவதும் சுருங்கிக்கொள்ளும். குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. ஃபயர்ஃபாக்ஸோ தன்னிடமிருந்த பழைய குரூப் வசதியை 2016இல் கைவிட்டு, 2025இல்தான் மீண்டும் வழங்கியது. பார்வைக்கு இது நன்றாகவே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளருக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குரூப் பிரிப்பது டேப்களை மட்டுமே, லாகினைப் பிரிப்பதில்லை. நீங்கள் ஒரு தளத்தில் உள்நுழைந்தவுடன் அதன் அடையாளம் குக்கி என்ற சிறு தகவலாகப் பிரவுசரில் சேமிக்கப்படுகிறது, அந்தக் குக்கிகள் நீல குரூப்புக்கும் சிவப்பு குரூப்புக்கும் பொதுவானவை. கூகுளில் பல கணக்குகளில் ஒரே நேரத்தில் உள்நுழைய முடியும் என்பது உண்மைதான். முகவரிப் பட்டையில் u/0, u/1 என்று தெரிவது அந்தக் கணக்குகளின் வரிசை எண். ஆயினும் முதலில் உள்நுழைந்த கணக்கே பெரும்பாலும் இயல்புக் கணக்காக இருப்பதால், வாடிக்கையாளர் அனுப்பிய டிரைவ் இணைப்பைத் திறந்தால், உங்கள் சொந்தக் கணக்கின் பெயரில் ‘அனுமதி தேவை’ என்ற பக்கம் வந்து நிற்கும். அவசரத்தில் அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினால், உங்கள் தனிப்பட்ட முகவரியிலிருந்து அவருக்கு ஒரு கோரிக்கை போய்ச் சேரும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நிறுவனத்தின் ஆவணத்தில் இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து கருத்து எழுதிவிட்டால், நீங்கள் வேறு யாருக்கெல்லாம் வேலை செய்கிறீர்கள் என்பதை நீங்களே அறிவித்ததாகிவிடும்.

எனவே வாடிக்கையாளருக்கு ஒரு ப்ரொஃபைல், வேலைக்கு ஒரு குரூப் என்பதே நான் சொல்லும் முறை. திரையைப் பாருங்கள்: குரோமின் வலது மேல் மூலையிலுள்ள வட்டப் படத்தைத் தொட்டு, புதிய ப்ரொஃபைல் சேர்த்து, அதற்கு வாடிக்கையாளரின் பெயரையும் ஒரு நிறத்தையும் கொடுக்கிறேன். இதற்கென்று தனிச் சாளரம் திறக்கிறது; குக்கி, புக்மார்க், ஹிஸ்டரி, கடவுச்சொல் எல்லாம் இதற்குத் தனி. அமைப்புகளில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சாளரத்தை முழுவதுமாக மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் அதே டேப்கள் வந்து நிற்கும். சஃபாரியிலும் 2023 முதல் ப்ரொஃபைல் வசதி உண்டு.

ப்ரொஃபைலுக்குள் நுழைந்த பிறகுதான் குரூப்புகள் உண்மையில் உதவுகின்றன. ஜவுளிக் கடைக்கான ப்ரொஃபைலில் வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தையும் டிரைவ் கோப்புறையையும் ‘பின்’ செய்து, அதாவது டேப் வரிசையின் தொடக்கத்தில் நிலையாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். தீபாவளிப் பக்கங்களுக்கு ஒரு குரூப், விலைப்பட்டியல் திருத்தத்துக்கு இன்னொன்று. மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் திறந்தே வைக்கும் டேப்களுக்கு இங்கே இடமில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வும், முடியாத வேலைகளின் நினைவூட்டலாகவும் மக்கள் டேப்களை மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்றது. அத்தகைய இணைப்புகளை, என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரியோடு, அந்த வாடிக்கையாளருக்கான பணிக்குறிப்பு ஆவணத்தில் ஒட்டிவிட்டு டேப்பை மூடிவிடுவேன். தவறுதலாக ஒன்றை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரும்ப வந்துவிடும்.

இந்த முறையில் தொல்லைகளே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரவுசருக்குக் கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் தனித்தனியாக நிறுவ வேண்டும். மெமரி குறைவான மடிக்கணினியில் எல்லாச் சாளரங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் வேகம் குறையும். இவை இரண்டையும்விட எரிச்சலூட்டுவது, கணினியிலுள்ள வாட்ஸ்அப் செயலியில் வரும் இணைப்பு, கடைசியாகப் பயன்படுத்திய ப்ரொஃபைலில் போய்த் திறந்துகொள்வதுதான். ஆகவே இணைப்பை நேரடியாகத் தொடாமல், நகலெடுத்து உரிய சாளரத்தில் ஒட்டுவதே பாதுகாப்பு.

பல சாளரங்களே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸின் மல்ட்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் உண்டு. ஒரே சாளரத்தில் ஒவ்வொரு டேப்பையும் தனிக் கன்டெய்னரில் திறக்கலாம், குக்கிகள் கலப்பதில்லை. ஆனால் ஹிஸ்டரியும் புக்மார்க்கும் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் பொது.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும்போது செய்ய வேண்டியது. வாடிக்கையாளர் கொடுத்த கணக்கில் ஸிங்க், அதாவது புக்மார்க், கடவுச்சொல் போன்றவற்றைக் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கும் வசதியை, இயக்கியிருந்தால், அதில் சேமித்தவை அவர்கள் நிர்வகிக்கும் கணக்கோடு சேர்ந்தவை. அவர்கள் கணக்கை மூடினால் அவையும் போய்விடும். எனவே சொந்தக் கடவுச்சொற்களை அங்கே ஒருபோதும் சேமிக்காதீர்கள். உங்களுக்கு உரிமையுள்ள கோப்புகளை எடுத்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, ப்ரொஃபைலை நீக்கிவிடுங்கள். இன்வாய்ஸுக்குப் பணம் வந்து சேரும் வரை மட்டும் நீக்காதீர்கள்; வேலையை ஒப்படைத்ததற்கான மின்னஞ்சல்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.