முதல் கோணல் முற்றும் கோணலா?

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் என் ஆளை வறுத்தெடுத்த எதிரணி நண்பர்களே, தூக்கத்தைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'அமெரிக்கக் கால்பந்து வீரர் லாண்டன் டோனவனின் ஆட்ட வாழ்க்கையில் விஞ்சி நிற்பது சாதனையா, சறுக்கலா?' இதுதான் தலைப்பு. சறுக்கலே என்று பேசிய தோழர் எடுத்த எடுப்பிலேயே 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்றார். கலிஃபோர்னியாப் பையன், 1999-இல் 17 வயதில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் அணிக்குப் போனான், முதல் அணிக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் 2001-இல் ஊர் திரும்பினான். 2005-இல் மறுபடி போய் ஏழே லீக் ஆட்டத்தில் பெட்டி கட்டினான். 2009-இல் ஜெர்மனியின் இன்னொரு அணியான பேயர்ன் மியூனிக், அங்கேயும் லீக்கில் கோல் இல்லை. ஆகவே வீட்டு நினைப்பில் ஓடிவந்த பிள்ளை என்று முடித்துவிட்டார்.

கணக்கு சரி, நடுவர் அவர்களே. நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பி வந்தான் என்று தோழர் சொல்லவே இல்லையே! எம்எல்எஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்தான் அந்த வீடு. அது தொடங்கியதே 1996-இல்தான். பணம் தண்ணீராய்க் கரைந்துகொண்டிருந்தது. 2002 ஆரம்பத்தில் டாம்பா பே, மயாமி என்று ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளையும் இழுத்து மூடினார்கள். 12 அணிகள் 10 ஆயின. கூரை ஒழுகுகிற வீடு அது. ஐரோப்பாவில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தால் கௌரவம், ஒழுகுகிற வீட்டில் ஏறி ஓடு மாற்றினால் சறுக்கலா?

அவர் மாற்றிய ஓடுகளை எண்ணிப் பாருங்கள். சான் ஹோசே அணியுடன் 2001, 2003. லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸியுடன் 2005, 2011, 2012, 2014. ஆறு எம்எல்எஸ் கோப்பைகள். நடுவில் 2007-இல் இங்கிலாந்து நட்சத்திரம் டேவிட் பெக்காம் கேலக்ஸிக்கு வந்து இறங்கினார். தலைவர் பட்டையை இவர் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் வீட்டில் புது மாப்பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து நிற்பானே, அப்படி. ஆனால் 2011 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள்: பெக்காம் தலையால் தட்ட, சக வீரர் ராபி கீன் தள்ளிவிட, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தது டோனவன்.

'உள்ளூர்ப் புலி' என்றார் இன்னொரு தோழர். சரி, வெளியூருக்கே போவோம். 2002 உலகக் கோப்பையில் 20 வயதில் இரண்டு கோல், அதில் ஒன்று பரம எதிரி மெக்சிகோவுக்கு எதிராக. அந்தத் தொடரின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்குத்தான். அப்புறம் 2010 ஜூன் 23, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. இங்கே மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், நடுவர் அவர்களே.

எதிரே அல்ஜீரியா. சமநிலை என்றால் அமெரிக்கா மூட்டை கட்ட வேண்டியதுதான். 90 நிமிடம் ஓடிவிட்டது, இன்னும் 0-0. அமெரிக்காவின் டெம்ப்சி அடித்த ஒரு கோலை ஆஃப்சைட் என்று முன்பே அழித்தாயிற்று. அல்ஜீரியாக்காரர் முட்டிய பந்து அமெரிக்கக் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் கைக்கு வருகிறது. அவர் உதைக்கவில்லை, கையாலேயே தூர வீசுகிறார். டோனவன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். சக வீரர் ஆல்டிடோருக்குத் தள்ளுகிறார். அவர் குறுக்கே அனுப்ப, டெம்ப்சி இடித்த பந்து அல்ஜீரியக் கோல்கீப்பர் மேல் பட்டுத் தெறிக்கிறது. தெறித்த இடத்தில் நின்றது யார்? கொடுத்த பந்தை வேடிக்கை பார்க்காமல் பின்னாலேயே ஓடிவந்த அதே டோனவன்! 91-ஆவது நிமிடத்தில் கோல். மூலைக் கொடிப் பக்கம் வயிற்றாலேயே சறுக்கிக்கொண்டு போய் விழுந்தார், அவர் மேல் அணியே விழுந்தது. தோழர் சொன்ன சறுக்கல் அதுதானோ என்னவோ! அந்த ஒரு கோலில் இங்கிலாந்தைக் கீழே தள்ளி, பிரிவில் முதலிடம் பிடித்தது அமெரிக்கா.

அடுத்த ஆட்டத்தில் கானாவிடம் தோற்றார்களே என்பீர்கள். தோற்றார்கள். 1-2. அந்த ஒன்றும் டோனவன் அடித்ததுதான். ஐரோப்பாவில் எதுவுமே கிழிக்கவில்லை என்பவர்கள், அதே ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணிக்குச் சில வாரம் கடனாகப் போனபோது செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் அங்கே தோற்ற கதையைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு குற்றச்சாட்டு மட்டும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. 2012 முடிவில் உடலும் மனமும் சோர்ந்து சில மாதம் ஆட்டத்தை விட்டு விலகினார், கம்போடியாவுக்குப் போனார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் நடுவில் இப்படிப் போவது பொறுப்பின்மை என்றார் தோழர். முழங்கால் வீங்கினால் ஆறு மாதம் ஓய்வு கொடுக்கிறோம். மனம் வீங்கினால் மட்டும் ஓடு ஓடு என்பதா? திரும்பி வந்து, வட அமெரிக்க வட்டார நாடுகள் மோதும் 2013 கோல்டு கப்பில் ஐந்து கோல் அடித்துச் சிறந்த வீரரானார். அப்படியும் 2014 மே 22 அன்று அமெரிக்க அணியின் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் அவரை உலகக் கோப்பை அணியிலிருந்து நீக்கினார். பேயர்ன் மியூனிக்கில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த அதே கிளின்ஸ்மன்தான். நாட்டுக்காக அதுவரை 156 ஆட்டம், 57 கோல் பார்த்த ஆள் டோனவன். வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். இவர் மூன்றாவது நாளே ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, அதுவரை எம்எல்எஸ்ஸில் யாரும் தொடாத கோல் எண்ணிக்கைக்குப் போனார். அந்த டிசம்பரில் ஆறாவது கோப்பையையும் தூக்கிவிட்டு விடைபெற்றார்.

மணி அடிக்கிறார்கள், ஒரே நிமிடம். அந்த லீக்கில் ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்கு ஒரு விருது உண்டு. 2024-இல் மெஸ்ஸி வாங்கினாரே, அதுதான். 2015-இலிருந்து அந்த விருது யார் பெயரில் இருக்கிறது என்று எதிரணித் தோழர் இப்போதே செல்பேசியை எடுத்துப் பார்த்து, நடுவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.