கார்த்திகையில் கிடைத்த தவுண்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

போன கார்த்திகையில் குடும்பத்தோடு திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக நாகர்கோவிலுக்குக் காரில் போனோம். அங்கே என் தங்கை இருக்கிறாள். வழியில் மணப்பாடு. மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும், புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையையும் பார்த்துவிட்டு, கருப்பட்டி வாங்கலாமே என்று உடன்குடிப் பக்கம் திரும்பினோம்.

சாலையோரப் பனங்காட்டில் ஓர் ஆச்சி அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முளைவிட்ட பனங்கொட்டைகள் குவிந்து கிடந்தன. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

தவுண்! கடைசியாகத் தின்று 40 வருஷமிருக்கும்.

பனங்கிழங்கு எல்லாருக்கும் தெரியும். தவுண் பனங்காட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். ஆடி, ஆவணியில் விழுகிற பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தியில் நெருக்கி அடுக்கி மண் மூடுவார்கள். முளை கிளம்பி நேரே மண்ணுக்குள் இறங்கும். அது கிழங்காகத் திரளும்வரை அதற்குச் சாப்பாடு, கொட்டைக்குள் இருக்கும் பருப்புதான். கோடையில் நுங்காக இருந்தது முற்றிக் கல்லாகிறதே, அதே பருப்பு. அதைக் கரைத்து உறிஞ்சி முளைக்குக் கொடுக்க உள்ளே பஞ்சுபோல ஒன்று வளர்கிறது. அதுதான் தவுண். இப்போது தள்ளுவண்டிகளில் தேங்காய்ப்பூ விற்கிறார்களே, அதற்குப் பனைமரத்துத் தம்பி. பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்போது தவுணின் ருசி போய்விடும். அதனால் இதைத் தின்னக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

எங்கள் தாத்தா கொட்டையைக் கட்டையில் வைத்து ஒரே போடாகப் போடுவார். இரண்டு பாதி. ஒன்று எனக்கு, ஒன்று தங்கைக்கு. எது பெரிய பாதி என்று தினமும் சண்டை. அந்தப் பனைகள் செங்கல் சூளைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. பனை 1978-லேயே நம் மாநில மரம். ஆட்சியர் அனுமதியில்லாமல் அதை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தபோது, எங்கள் விளையில் வெட்டுவதற்கு ஒரு மரமும் மிச்சமில்லை. அன்று செய்தி கேட்டு அழுதேன்.

“இந்தா தாயி, தின்னு பாரு” என்று ஆச்சி என் மகளிடம் ஒரு பாதியை நீட்டினார். அவள் விரலால் தோண்டி வாயில் போட்டாள். மெத்தென்று, இளந்தித்திப்பாக, லேசான பச்சை வாசனையோடு இருக்கும். “இன்னொண்ணு வெட்டுங்க ஆச்சி” என்றாள். எனக்கு அது போதும்.

ஆச்சி காசு வாங்கவே இல்லை. “வெட்டாம கொண்டு போங்க ஐயா, வெட்டினா நாளைக்கு நிக்காது” என்று ஓலைப்பெட்டியில் 20 கொட்டைகள் போட்டுத் தந்தார்.

அன்று இரவு நாகர்கோவிலில், பக்கத்து வீட்டில் அரிவாள் வாங்கி வாசலில் உட்கார்ந்து வெட்டினேன். தங்கை எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

“அண்ணே, பெரிய பாதி எனக்கு” என்றாள்.

கொடுத்தேன்.