ஸ்கல்டகரி: தகிடுதத்தத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘ஸ்கல்டகரி’ (skulduggery) என்ற சொல்லுக்கு நேரே ‘மோசடி’ என்று எழுதிவைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. பித்தளை வளையலைத் தங்கமென்று விற்றவனுக்கும் இதையே போடுகிறார்கள். அவன் செய்தது வெறும் ஃப்ராடு. ஸ்கல்டகரிக்குத் திரைமறைவு வேண்டும். அதிகாரமோ பதவியோ பெரும்பணமோ பின்னால் இருக்க வேண்டும். சங்கத் தேர்தலில் எதிராளியின் வேட்புமனுவை நொண்டிச் சாக்குச் சொல்லித் தள்ளவைப்பது, கம்பெனிக் கடனைக் கணக்கில் ஒளிப்பது, இவைதான் அதன் இடம். நம் ‘தகிடுதத்தம்’ கிட்டத்தட்டப் பொருந்தும். அதிலுள்ள நக்கல்கூட இதில் உண்டு. அதனால் போலீஸ் புகாரில் இதை எழுதாதீர்கள். அங்கே ‘சீட்டிங்’தான்.

உச்சரிப்பில் அழுத்தம் ‘ட’ மேல் விழும். அடுத்த ககரம் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் ஒலிக்கும். எழுத்துக்கூட்டலில் பிரிட்டன்காரர்கள் ஓர் ‘எல்’ போடுவார்கள், அமெரிக்கர்கள் இரண்டு போடுவதும் உண்டு (skullduggery). எதுவும் தவறில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதவரை. ‘ஜி’ மட்டும் எப்போதும் இரண்டு.

இரண்டு ‘எல்’ வந்தால் மண்டையோட்டைக் குறிக்கும் ‘ஸ்கல்’ (skull) என்ற சொல் உள்ளே தெரியும். கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடியதிலிருந்து பிறந்த சொல் என்று கதை கட்டுவது அதனால்தான். 1832-இல் உடற்கூறியல் சட்டம் வருவதற்கு முன் பிரிட்டனில் அந்தத் திருட்டு நிஜமாகவே நடந்தது. ஆனால் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்காட்லாந்து வழக்கில் 18-ஆம் நூற்றாண்டில் ஒழுக்கக்கேட்டையும் ஆபாசப் பேச்சையும் குறித்த ‘ஸ்கல்டடரி’தான் இதன் மூலம் என்பார்கள், அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவமும் பொருளும் நிலைபெற்றன. மண்டையோட்டை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், வரலாறாக எழுதிவிடாதீர்கள்.

தேர்வில் மதிப்பெண் போவது இலக்கணத்தில். இது எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘எ’ (a) சேர்க்காதீர்கள், பன்மையாக்காதீர்கள். ஒன்றென்று சொல்ல வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் ஸ்கல்டகரி’. இதிலிருந்து வினைச்சொல் கிடையாது. ‘பொலிட்டிகல்’, ‘ஃபைனான்ஷியல்’ ஆகியவை இதன் முன் இயல்பாக வந்து உட்காரும்.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சட்ட நுணுக்கத்தையும் வார்த்தைகளையும் திரித்து ஏமாற்றினால் ‘சிக்கேனரி’ (chicanery). முதலெழுத்து ‘ஷி’ என்று ஒலிக்கும். நாள்பட்ட சதித்திட்டத்துக்கு ‘மேக்கினேஷன்ஸ்’, பெரும்பாலும் பன்மையில். ‘ஷெனானிகன்ஸ்’ லேசானது, பிள்ளைகளின் சேட்டைக்குக்கூட வரும்.

இன்றிரவு மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: தேர்தல் பற்றி ஒன்று, கணக்கு வழக்கு பற்றி ஒன்று, மூன்றாவது இந்தச் சொல் பொருந்தாத ஒரு குற்றம் பற்றி. அந்த மூன்றாவதில் எந்தச் சொல்லைப் போட்டீர்கள், ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி. மூன்று நாள் கழித்து நோட்டைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். பெரும்பாலும் தடுமாறுவது அந்த ‘எ’யில்தான்.