கூடாரத்திற்கு முன் ஆற்றின் மேற்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிவர வேண்டும் என்று ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்கள், எந்த டென்ட் வாங்கலாம், அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆற்றின் மேற்புறத்தில், அதாவது நீர் வரும் பக்கத்தில், என்ன இருக்கிறது என்று கேட்டு வருபவர் அரிது. இன்று நான் வற்புறுத்த விரும்புவது அந்த ஒன்றைத்தான்.

திற்பரப்பு அருவியை அறியாதவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளிலும் குளிக்கத் தடை என்ற அறிவிப்பு வருவதுண்டு. மேலே மலையில் பெய்த மழையால் 48 அடி வரை நீர் தேக்கும் பேச்சிப்பாறை அணையில் நீர்மட்டம் ஏறி, உபரிநீரைக் கோதையாற்றில் திறந்துவிட்டிருப்பார்கள். ஆகவே அந்த ஆற்றங்கரைத் தோப்பிலோ ரப்பர் தோட்டத்திலோ உரிமையாளரின் சம்மதத்துடன் தங்கப் போகிறவர், தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் போதாது. நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தையும் புறப்படும் அன்று காலையில் பார்த்துவிட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், ஜூனையும் அக்டோபர், நவம்பரையும் தவிர்த்து, பிப்ரவரியை ஒட்டி நாள் குறிப்பது நல்லது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பலர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மெர்சட் ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பதற்கென்றே இடம் பிரித்து, எண்ணிட்டு, பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். அவ்வளவு ஒழுங்கு இருந்தும், 1997 ஜனவரியில் மலைப்பனியின் மேல் வெதுவெதுப்பான மழை கொட்டியதில், மழைநீரும் உருகிய பனியும் ஒன்றாக இறங்கி வந்து பூங்காவையே இரண்டு மாதங்களுக்கு மேல் மூட வைத்தன. ஆற்றை ஒட்டியிருந்த இரண்டு பெரிய கூடாரத் திடல்கள் அதன்பின் திறக்கப்படவே இல்லை. ஆற்றங்கரை இடத்துக்குத்தான் எங்கும் போட்டி அதிகம். ஆற்றுக்கும் அந்த இடத்தின் மேல்தான் கண். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடைத் தொடக்கத்தில் பகல் வெயிலில் உச்சிமலையில் உருகும் பனி, பள்ளத்தாக்கை வந்தடைய இரவாகிவிடுவதால், அங்கே ஆறு நள்ளிரவை ஒட்டித்தான் மிகுதியாக ஓடுகிறது. மழையே இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம், ஆனாலும் தண்ணீர் ஏறுகிறது! மேலே என்ன நடக்கிறது என்பதே கேள்வி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கரையில் இறங்கியதும் மரங்களைப் பாருங்கள். கிளைக்கவட்டில் காய்ந்த சருகும் வைக்கோலும் பிளாஸ்டிக் துண்டும் சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கும் மேலேதான் இருக்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், பாத்திரத்தை எடுக்கலாமா, பாயைச் சுருட்டலாமா என்று நிற்காமல் மேடேற வேண்டும். மணல்திட்டு படுக்க மெத்தென்றிருக்கும் என்று ஆசைப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான்.

உணவைப் பற்றியும் அனுமதியைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. நம் மாவட்டத்தில் தேசியப் பூங்கா இல்லை என்றாலும், சுமார் 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதற்குள் இரவு தங்குவது குற்றம். யோசெமிட்டியில் கரடிக்கு அஞ்சிப் பற்பசையைக்கூட இரும்புப் பெட்டியில் பூட்டச் சொல்கிறார்கள்; இங்கே ஏத்தம்பழக் குலையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுத்தால், மலையடிவாரத்தில் யானையைக் கூப்பிட்டு விருந்து வைத்தது போலாகும். அட்டைக்கு உப்பு, ஆளுக்கொரு டார்ச், காய்ச்சிய குடிநீர் ஆகியவற்றை மறக்க வேண்டாம். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். வணக்கம்.