478 மார்க்குக்கு எந்த பி.ஏ.? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. மகள் 2025இல் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். காமர்ஸ் குரூப், கணக்குப் பாடம் கிடையாது, கணினிப் பயன்பாடு எடுத்தவள். 600க்கு 478. "பி.ஏ. பொருளியல் சேர்க்க ஆசை. இங்கே அரசுக் கல்லூரியில் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை என்கிறார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் கணக்கு இல்லாவிட்டால் பொருளியல் கிடையாது என்று எங்கள் உறவுக்காரப் பையன் சொல்கிறான். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா. பட்டத்தின் பெயர்தான் ஒன்று, கேட்பது வேறு வேறு.

முதலில் நம் ஊர் நிலவரத்தைப் பார்ப்போம். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர பிளஸ் டூ தேர்ச்சி போதும், அது தகுதி. ஆனால் தகுதி இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. தரவரிசைப் பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இடம். அந்தப் பட்டியல் போடும்போது உங்கள் 478ஐ யாரும் பார்ப்பதில்லை. அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மகளின் மார்க்கைப் பிரித்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. தமிழ் 94, ஆங்கிலம் 71, வணிகவியல் 82, கணக்குப்பதிவியல் 68, பொருளியல் 79, கணினிப் பயன்பாடு 84. பி.ஏ. பொருளியலுக்கோ வரலாற்றுக்கோ விண்ணப்பித்தால் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் கூட்டுவார்கள். 400க்கு 313. பி.ஏ. தமிழ் என்றால் தமிழ்த் தாள் மார்க் மட்டும், 100க்கு 94. பி.ஏ. ஆங்கிலம் என்றால் ஆங்கிலத் தாள் மட்டும், 71. ஆக ஒரே பெண் மூன்று பட்டியலில் மூன்று இடத்தில் நிற்பாள்.

இன்னொரு பிள்ளையை வைத்துப் பாருங்கள். அறிவியல் குரூப், மொத்தம் 520. நான்கு பாடம் 360, தமிழ் 88, ஆங்கிலம் 72. பொருளியலில் அந்தப் பிள்ளை உங்கள் மகளைத் தாண்டி எங்கோ போய்விடும். தமிழ்ப் பட்டியலில் உங்கள் மகள்தான் முன்னால். நான் சேர்க்கைக் குழுவில் இருந்த காலத்தில் ஒரு தகப்பனார் வந்து சண்டையே போட்டார். "என் பையன் ஐந்நூறுக்கு மேல், அவனுக்கு இல்லாத தமிழ் சீட் 430 வாங்கிய பொண்ணுக்கா?" என்று. பட்டியலைக் காட்டித் தமிழ் மார்க் இரண்டையும் படிக்கச் சொன்னோம். படித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

இதற்கு மேல் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, எஸ்.டி. 1. சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். விண்ணப்பம் ஆன்லைனில், 2025இல் பொதுவாக 50 ரூபாய்தான். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். ஆனால் அரசு உதவிபெறும் கல்லூரியும் தனியார் கல்லூரியும் இதில் வராது. அங்கெல்லாம் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, டெல்லிக்கு வருவோம். அங்கே 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை. பிளஸ் டூவில் தேர்ச்சி வேண்டும். ஆனால் இரண்டு பேர் சமமாக நின்றால் பார்ப்பார்களே தவிர, பிளஸ் டூ மார்க் தரவரிசையில் சேராது. பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு ஒரு மொழித் தாள், கணிதம், இன்னும் இரண்டு பாடம் எழுத வேண்டும். கணிதம் கட்டாயம். பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டில் எழுத வேண்டும் என்றும் அந்தப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அதனால் கணக்குத் தாளை மட்டும் தனியாகப் படித்து எழுதிவிடலாமா என்று கேட்காதீர்கள், அந்த வழி அடைபட்டுவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே முடிவான விஷயம் இது. வரலாறு, அரசியல் அறிவியல் போன்றவற்றுக்குக் கணிதம் கேட்பதில்லை. பள்ளியில் வரலாறே படிக்காத பிள்ளைகூடச் சேரலாம்.

இன்னொன்று, க்யூட் விண்ணப்பம் நம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை காத்திருக்காது. 2025இல் மார்ச் மாதமே முடிந்துவிட்டது, நமக்கு ரிசல்ட் மே மாதம்தான் வந்தது. நீங்கள் விண்ணப்பம் போட்டதாகக் கேள்வியில் இல்லை. போடவில்லை என்றால் இந்த வருடம் டெல்லிப் பேச்சை விட்டுவிடலாம்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அங்கே தடையே இல்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை சரியாக இருப்பதால் தமிழ்நாடு அரசு வேலைக்கும் பிரச்சினை வராது. பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அரசு வேலையில் சிக்கல்.

என்னைக் கேட்டால், அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் பொருளியலோடு தமிழையும் சேர்த்தே குறியுங்கள். 313க்குப் பொருளியல் பக்கத்துக் கல்லூரியில் கிடைக்கிறதா என்பது அந்தக் கல்லூரிப் பட்டியல் வந்தால்தான் தெரியும். 94 வைத்திருக்கும் பிள்ளையைத் தமிழ்த் துறை அவ்வளவு சுலபமாக விடாது. ஆனால் குறிக்கும் முன் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா, தமிழ் படிக்க அவளுக்கு இஷ்டமா என்று. கேள்வி முழுக்க நீங்கள்தான் பேசியிருக்கிறீர்கள்.