கரைவது வேறு, விரைவாகக் கரைவது வேறு

வணக்கம் நேயர்களே.

முகவையில் நீர். அடியில் கரையாத உப்பு. கண்ணாடிக் கோலால் கலக்குகிறோம். கரையவில்லை என்றால் இன்னும் வேகமாகக் கலக்குகிறோம். எவ்வளவு கரையும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு விரைவில் கரையும் என்பது வேறு கேள்வி. கலக்குவது இரண்டாவதற்கு மட்டுமே உதவும். சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் கரையும். 40 கிராமைப் போட்டுவிட்டு விடிய விடியக் கலக்கினாலும் மிச்சம் அடியில்தான் கிடக்கும்.

முதலில், உப்பு ஏன் கரைகிறது என்று பார்ப்போம். படிகத்துக்குள் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், மாறி மாறி அடுக்கப்பட்டு, மின் கவர்ச்சியால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துகள்களை எண்ண வேதியியலில் பயன்படும் நிலையான எண்ணிக்கைக்கு மோல் என்று பெயர். ஒரு மோல் உப்பை, அதாவது 58.44 கிராமை, தனித்தனி அயனிகளாகப் பிரிக்க 787 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மை கொண்டது, ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மை கொண்டது. ஆகவே சோடியத்தை ஆக்சிஜன் முனையாலும் குளோரைடை ஹைட்ரஜன் முனையாலும் நீர் சூழ்ந்துகொள்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் அந்த 787-ஐ ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். சுமார் 4 கிலோஜூல்தான் குறையும். அந்தக் குறையை நீர் தன் வெப்பத்திலிருந்து கொடுத்து, லேசாகக் குளிர்கிறது.

ஆற்றல் கணக்கில் நஷ்டம் என்றாலும் உப்பு கரைகிறதே? அடுக்காக இருந்த அயனிகள் நீர் முழுக்கச் சிதறுவதால் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, கூடுகிறது. அந்த லாபம் இந்த நஷ்டத்தை மிஞ்சுகிறது. அம்மோனியம் நைட்ரேட்டில் நஷ்டம் மோலுக்கு சுமார் 25 கிலோஜூல். அதைக் கரைத்தால் முகவை சில்லென்று ஆகிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு இதற்கு நேர்மாறு. மோலுக்கு சுமார் 44 கிலோஜூலை வெளிவிட்டு முகவையைச் சுட வைக்கும். அதனால் அதை எப்போதும் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றக் கூடாது.

இனி, எவ்வளவு கரையும் என்பது. தெவிட்டிய கரைசலில், அதாவது இதற்கு மேல் கரையாது என்ற நிலையை அடைந்த கரைசலில், கரைதல் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பதே இல்லை. படிகத்திலிருந்து எத்தனை அயனிகள் வெளியேறுகின்றனவோ, அத்தனை திரும்ப வந்து ஒட்டுகின்றன. முனை உடைந்த படிகம் ஒன்றைத் தெவிட்டிய கரைசலில் மூடிவைத்தால், எடை மாறாமலேயே நாளடைவில் உடைந்த முனை சீராகும். ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் படிந்தால்தானே இது நடக்கும்?

சூடாக்கினால் அதிகம் கரையும் என்பது பாதி உண்மை. பொட்டாசியம் நைட்ரேட் 100 கிராம் நீரில் 20 டிகிரியில் 32 கிராம் கரையும், 60 டிகிரியில் 100 கிராமுக்கு மேல் கரையும். சோடியம் குளோரைடோ கொதிநீரிலும் 39 கிராமைத் தாண்டுவதில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு சூட்டில் குறைவாகவே கரையும். வாயுக்களும் அப்படித்தான். காற்றோடு தொடர்பில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்தான்.

வேகத்துக்கு வருவோம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் படிகத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 60. பொடித்தது விரைவில் கரைய அதுவே காரணம். ஒவ்வொரு துகளையும் ஒட்டி மெல்லிய தெவிட்டிய படலம் ஒன்று நிற்கும். கலக்கும்போது அந்தப் படலம் விலகிப் புதிய நீர் வந்து சேர்கிறது. ஆனால் மிக நுண்ணிய பொடியை மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து கட்டியாகிவிடும், உள்ளே நீர் புகாது. கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவ வேண்டும்.

இப்போது திட்டக் கரைசல், அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறது என்பதே மோலார் என்ற அளவு. 0.1 மோலார் காப்பர் சல்பேட் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீலப் படிகத்தின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 249.7 கிராம். ஏனென்றால் அதில் மூலக்கூறுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கின்றன. எனவே எடுக்க வேண்டியது 249.7 × 0.1 × 0.25 = 6.24 கிராம். அதே எடைக்கு நீரற்ற வெள்ளைப் பொடியை எடுத்தால் செறிவு 0.156 மோலார் ஆகிவிடும். புட்டியின் லேபிளைப் படிக்காததால் வரும் தவறுகளில் இது முதலிடம் பெறும்.

எடுத்த படிகத்தை முகவையில் 100 மில்லிலிட்டர் அளவு காய்ச்சி வடித்த நீரில் முழுதாகக் கரையுங்கள். கரைசல் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் சில துளி சேர்க்கலாம். பிறகு புனல் வழியே திட்டக் குடுவைக்கு, அதாவது கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவைக்கு, மாற்றி, முகவையையும் கோலையும் இரண்டு மூன்று முறை கழுவி, அந்த நீரையும் குடுவையிலேயே சேருங்கள். சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். குடுவையின் அளவு 20 டிகிரிக்கு வரையறுக்கப்பட்டது. சூட்டோடு கோடு வரை நிரப்பினால், ஆறியதும் மட்டம் இறங்கிச் செறிவு கூடிவிடும்.

கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, மீதியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வளைந்த மட்டத்தின் அடிப்புறம் கோட்டைத் தொட வேண்டும், கண்ணும் கோட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ளதை உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது. நீரோடு கரைபொருளும் போய்விடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. 250 மில்லிலிட்டர் நீரை அளந்து அதில் 6.24 கிராமைப் போடுவதும் சரியல்ல. மோலாரிட்டி கரைசலின் கனஅளவைப் பொறுத்தது, ஊற்றிய நீரின் அளவைப் பொறுத்ததல்ல.

மூடியை அழுத்திப் பிடித்து, பதினைந்து இருபது முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கழுத்தில் ஏறக்குறைய வெறும் நீர்தான் நிற்கும். கலக்கியபின் மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே தெரியலாம். மூடியிலும் கழுத்திலும் ஒட்டிய கரைசல் அது. மேலும் நீர் சேர்க்காதீர்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இந்த முறை போதாது. தராசில் வைத்திருக்கும்போதே அது காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்வதால் எடையை நம்ப முடியாது. கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட நீரில் தோராயமாகக் கரைத்து, ஆக்சாலிக் அமிலம் போன்ற ஒன்றின் செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவிட்டு, தரம் பார்த்துத்தான் செறிவைக் குறிக்க வேண்டும். கண்ணாடி மூடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள்.

வைத்திருந்த எந்தக் கரைசலையும் எடுக்கும் முன் புட்டியைப் பாருங்கள். மேல் சுவரில் நீர்த்துளிகள் படிந்திருந்தால் குலுக்கிக் கலந்துவிட்டு எடுங்கள். குளிரில் அடியில் படிகம் இறங்கியிருந்தால் மேலே உள்ள திரவத்தின் செறிவு லேபிளில் உள்ளதல்ல. வெதுவெதுப்பாக்கி, படிகம் முழுதும் கரைந்து, ஆறிய பிறகே பிப்பெட்டை, அதாவது அளந்து உறிஞ்சும் குழாயை, உள்ளே விடலாம்.